வௌவால் எழுந்த மத்தியானம்

அந்தக் காட்டில் கோடைக்கும் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான். அதன் கரையில், கூழாங்கல்லும் மணலும் கலந்த ஒரு சின்ன மேட்டில், வெடுக்கி என்ற ஆள்காட்டிக்குருவி நாலு முட்டை இட்டு அடைகாத்து வந்தாள்.

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆள்காட்டிக்கு மரத்தில் வாசம் கிடையாது. வெறும் தரையில் ஒரு குழி, சுற்றி ஒரு வரிசைக் கல், அவ்வளவுதான் வீடு. முட்டையும் கல் நிறம். மிதித்தால்தான் தெரியும், முட்டை என்று.

அதனால்தானோ என்னவோ, வெடுக்கிக்குக் கோபம் மூக்கு நுனியில். கண்ணுக்கு முன்னால் அவளுக்கு இருக்கும் சிவப்புச் சதை, திட்டித் திட்டியே சிவந்தது என்று காட்டில் ஒரு பேச்சு உண்டு. மேட்டுப் பக்கம் யாராவது காலை வைத்தால் போதும். விருட்டென்று மேலே எழும்பி, அவர்கள் தலைக்கு மேலே வட்டமடித்து, பிறந்ததிலிருந்து செய்த குற்றத்தையெல்லாம் ஊர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள்.

முட்டை இடுவதற்குச் சில நாள் முன்னால் அவள் புருஷனை வல்லூறு தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எல்லாம் தனியாகத்தான். அந்த மேடுகூட யாரும் சும்மா கொடுத்ததில்லை. அது பன்றிகள் புரண்டு கிடந்த இடம். "நீங்க சேத்துல கண்ணை மூடிக் கிடக்கும்போது சிறுத்தை வந்தா, கூவிச் சொல்றது யாரு? நானா, உங்க மாமனாரா?" என்று கேட்டு, பேசிப் பேசி வாங்கியது. தன் கூவலைத் தவிர அவளிடம் விற்க வேறு சரக்கு இல்லை. அதை வைத்தே அவள் பிழைத்தாள். பேரத்தில் தன் தேவை என்னவென்று எதிராளிக்குக் காட்டவே கூடாது. இது அவள் பலமுறை ஏமாந்து, அடிபட்டுக் கற்ற பாடம்.

அந்தக் குளத்துக்கு ஒரு முறை இருந்தது. பகலில் பகல் உயிர்கள் தண்ணீர் குடிக்கும். இரவில் இரவு உயிர்கள் குடிக்கும். கரையில் யாரும் யாரையும் தொடக் கூடாது. முறை மாறுவதற்கு அடையாளம் மருதமரத்து வௌவால்கள். அவை எழுந்து பறந்தால் இரவு முறை. திரும்பி வந்து தலைகீழாகத் தொங்கினால் பகல் முறை.

காவலுக்குக் காட்டெருமை பெரியகொம்பர் இருந்தார். முறை மீறியவருக்கு அந்தக் கோடை முழுக்கத் தண்ணீர் இல்லை என்பது அவர் தீர்ப்பு. வேறு தண்ணீரே இல்லாத காட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் மீறியதில்லை.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், பதுங்கன் என்ற நரி மேட்டுப் பக்கம் வந்தான். கல் வரிசைக்கு எட்டவே நின்றுகொண்டான்.

"என்ன மதினி, சௌக்கியமா?"

"சௌக்கியம் கேக்க வந்த மூஞ்சியா இது? வந்த காரியத்தைச் சொல்லு கொழுந்தனாரே."

"தண்ணி குறைஞ்சிட்டே போகுது. பகல்ல மானும் பன்னியும் கலக்குது. ராத்திரி நாங்க கலக்குறோம். இப்படியே போனா எல்லாருக்கும் சேறுதான். அதான் ஒரு யோசனை. கிழக்குத் துறையில இனிமே நாங்க இறங்கல. அது உங்களுக்கே. தண்ணி தெளிஞ்சே கிடக்கும்."

வெடுக்கிக்கு உள்ளே திக்கென்றது. தெளிந்த தண்ணீர்! அந்தக் கோடையில் அவள் ஏங்கிக்கொண்டிருந்தது அதற்குத்தான். ஏன் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. கொட்டாவி விட்டாள்.

"எனக்கெதுக்கு தெளிஞ்ச தண்ணி? மான்குட்டிங்க குடிக்கும். சரி, பதிலுக்கு என்ன கேக்குறே? நீ சும்மா குடுக்கிற ஆளு இல்லையே."

"பெருசா ஒண்ணுமில்ல. இரவு முறையில, கரைமேல அடையில்லாம கிடக்கிற முட்டை எங்களுக்கு. அவ்வளவுதான்."

வெடுக்கி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இவனுக்குப் பசியில் புத்தி பிசகிவிட்டதா? இருட்டியபின் எந்தப் பறவை முட்டையை விட்டு எழுந்து போகும்? அவன் கேட்பது ஒன்றுமே இல்லாத ஒன்று. கொடுப்பதோ குளத்தில் பாதி.

ஒன்றுமே இல்லாததையும் உடனே கொடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. அது அவள் குணம்.

"வடக்கு மூலையையும் சேர்த்துக் குடு."

"மதினி, என் தோலை உரிக்கிறியே."

"தோலு உன்கிட்டயே இருக்கட்டும். மூலையைக் குடு. அப்புறம், நான் அடை உட்கார்ந்திருக்கும்போது எந்த நேரமும் கல் வரிசைக்குள்ள காலை வைக்கக் கூடாது. பகல் முறையில எந்த முட்டையையும் தொடக் கூடாது."

பதுங்கன் முகத்தைச் சுளித்தான். பெருமூச்சு விட்டான். இரண்டடி போவதுபோல் போய்த் திரும்பினான். கடைசியில், "சரி, உன்கிட்ட யாரு ஜெயிக்கிறது" என்றான்.

பெரியகொம்பர் வந்தார். இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். பிறகு முன்னங்குளம்பால் தரையைத் தட்டினார். அவர் தட்டிவிட்டால் அந்தப் பேச்சு கல்லில் வெட்டியது போல.

பதுங்கன் முகம் வாடித்தான் போனான். ஆனால் அவன் வால் இலேசாக ஆடியது. வெற்றிக் களிப்பில் இருந்த வெடுக்கி, அது கண்ணில் பட்டும் பொருட்படுத்தவில்லை.

பௌர்ணமி வந்தது. சூரியன் மேற்கே இறங்க, கிழக்கே மலைக்கு மேல் நிலா எழும்பியது. எழும்பும்போதே அது முழுசாக இல்லை. கீழ் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. யாரோ வாய் வைத்துக் கடித்ததுபோல் கறுப்பாக வளைந்திருந்தது.

குளக்கரையே ஸ்தம்பித்துப் போனது. தண்ணீரில் வாய் வைத்த மான்கள் தலையைத் தூக்கின. வாயிலிருந்து சொட்டும் தண்ணீர்ச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஒரு பன்றிக்குட்டி அம்மாவின் வயிற்றுக்கு அடியில் போய் நுழைந்தது. வெடுக்கிக்கு முதுகுச் சிறகெல்லாம் சிலிர்த்தது. வானத்தில் இருக்கும் ஒன்றுகூடக் குறையும் என்று அவள் நினைத்ததே இல்லை.

எல்லோரும் நிலாவைப் பார்த்தார்கள், ஒருவனைத் தவிர. பதுங்கன் மட்டும் எதிர்க்கரையில் உட்கார்ந்து வெடுக்கியின் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயம் இல்லை. சொன்ன நேரத்துக்குச் சரக்கு வந்து இறங்கினால் வாங்குகிறவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"சொன்னபடியே வந்துட்டுது" என்று அவன் தனக்குள் முனகியது தண்ணீருக்கு மேலாக வந்து வெடுக்கிக்குத் தெளிவாகக் கேட்டது; திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

நிலா மேலே ஏற ஏற, அந்தக் கறுப்பு மெல்ல மெல்ல வழிந்து போய், பழையபடி வட்டமானது. மான்கள் பெருமூச்சு விட்டன. வெடுக்கிக்கு மட்டும் மூச்சு சீராகவில்லை. எதிராளியின் முகத்தைப் படித்தே பிழைத்தவள் அவள். அன்று மாலை வால் ஆடியதும் இப்போதுதான் அவள் நினைவில் வந்து உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் சந்தைக்காகத்தைக் கூப்பிட்டாள். அது தினமும் காட்டைத் தாண்டி ஆவரம்பட்டி ஊருக்குப் போய்ச் சந்தையில் பொறுக்கிவிட்டு வரும் காகம்.

"தம்பி, ஊர்ல என்ன பேச்சு?"

"சும்மா எப்படிக்கா சொல்றது?"

"மேற்குக் கரையில நண்டு வளை இருக்கிற இடம் காட்டுறேன். சொல்லு."

காகம் அலகைத் துடைத்துக்கொண்டு சொன்னது. "ஊரே அல்லோலகல்லோலப்படுதுக்கா. இந்த மாசம் ரெண்டு கிரகணமாம். ஒண்ணு நேத்து நிலாவுக்கு ஆச்சுல்ல, அது. அது சின்னது. பெருசு இனிமேதான். வர்ற அமாவாசை, நட்டநடு மத்தியானம், நிலா குறுக்கே வந்து சூரியனை முழுசா மறைச்சிடுமாம். அதுவும் ஆவரம்பட்டிக்கும் நம்ம காட்டுக்கும் நேரா. பகல்லயே ராத்திரியாயிடுமாம். எங்கெங்கயோ இருந்து ஆளுங்க பஸ்ஸு புடிச்சு வர்றாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி குடுக்கிறாங்க. வெறுங்கண்ணால பாத்தா கண்ணு போயிடுமாம். கோயில் நடையை அன்னிக்கு சாத்திடுவாங்களாம். டீக்கடையில வேற பேச்சே இல்ல."

"இதெல்லாம் பதுங்கனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கா? அந்த டீக்கடை பின்னாடி குப்பைமேட்டுலதானே அவன் குடித்தனம். காதை விறைச்சிக்கிட்டு கேட்டுட்டு இருந்தான். நானே பார்த்தேன்."

வெடுக்கி குனிந்து முட்டைகளைப் பார்த்தாள்.

அவள் வழக்கம் காட்டுக்கே தெரியும். கோடை மத்தியானத்தில் அவள் முட்டையை விட்டு எழுந்து குளத்துக்குப் போவாள். சிறிது நேரம் தண்ணீரில் நிற்பாள். திரும்பி வருவாள். மறுபடி போவாள். குளிக்கப் போகிறாள், தாகம் தாங்காமல் போகிறாள் என்று ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டார்கள்.

உண்மை வேறு. கோடை வெயிலில் அந்த மேட்டுக் கல்லில் கிடக்கும் முட்டை வெந்துவிடும். அவள் தண்ணீரில் நின்று வயிற்றுச் சிறகை நனைத்துக்கொள்வாள். ஈரத்தோடு வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிப்பாள். சேற்றுத் தண்ணீர் உதவாது. சேறு முட்டைமேல் அப்பிக் காய்ந்துபோகும். தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். அவள் யாரிடமும் சொல்லாத தேவை இதுதான்.

பகலில் இருட்டினால் வௌவால் எழும். வௌவால் எழுந்தால் இரவு முறை. அந்த நேரம் அவள் குளத்தில் நின்றால், மேட்டில் கிடக்கும் நாலும் பதுங்கனுக்கு. சூரியனை அணைத்து வியாபாரம் பண்ண வந்தவனிடம் அவள் ஒரு மூலைத் தண்ணீருக்குப் பேரம் பேசியிருக்கிறாள்!

விர்ரென்று பறந்து பெரியகொம்பரிடம் போனாள். கத்தினாள். ஏமாற்று என்றாள், மோசடி என்றாள், கொம்பு இருந்தால் போதுமா, அதற்குக் கீழே மூளை வேண்டாமா என்றும் கேட்டுவிட்டாள்.

பெரியகொம்பர் கோபப்படவில்லை. அசைபோட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"அம்மா, நீ பேசினே, அவன் பேசினான், நான் தட்டினேன். வௌவால் எழுந்தா இரவுன்னுதான் நம்ம முறை. ஏன் எழுந்துச்சுன்னு முறை கேக்காது. இன்னிக்கு உனக்காக நான் மாத்தினா, நாளைக்கு சிறுத்தை வந்து தனக்காக மாத்தச் சொல்லும். அப்ப இந்த மான்குட்டிங்க கதி என்ன? பதுங்கனே விட்டுக்குடுத்தா மாத்தலாம்."

பதுங்கன் விட்டுக்கொடுக்கவில்லை.

வெடுக்கி கிழக்குத் துறையைத் திருப்பித் தருகிறேன் என்றாள். வடக்கு மூலையையும் தருகிறேன் என்றாள். நாய்களோடு வேட்டைக்காரர்கள் வந்தால் நரிக் கூட்டத்துக்கு முதலில் கூவிச் சொல்கிறேன் என்றாள். அவள் இதுவரை யாரிடமும் இப்படி இறங்கி வந்ததில்லை.

"மதினி, போன கோடையில நண்டுக்கரையைப் பேசிப் பிடுங்கினே. அதுக்கு முந்தின கோடையில நாணல் காட்டைப் பிடுங்கினே. ரெண்டு தடவையும் என் பிள்ளைங்க பட்டினி. அப்ப நான் வந்து கெஞ்சினேன். நீ என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

வெடுக்கிக்கு ஞாபகம் இருந்தது. 'பேசினது பேசினதுதான்' என்று சொல்லியிருந்தாள்.

"அதேதான் இப்ப நானும் சொல்றேன்" என்று பதுங்கன் எழுந்து போனான்.

முட்டையைக் கவ்விக்கொண்டு இடம் மாற்ற ஆள்காட்டியால் முடியாது. வேறு பறவையை உட்காரவைக்கலாம் என்றால், இருட்டியதும் அது தன் கூட்டுக்கு ஓடிவிடும். எந்த நிமிஷம் இருட்டும் என்றும் அவளுக்குத் தெரியாது. இரண்டே வழி. எழுந்து போனால் நரி தின்னும். போகாமல் இருந்தால் வெயில் தின்னும். நரிக்குக் கொடுப்பதைவிட வெயிலுக்குக் கொடுக்கலாம் என்று ஆத்திரத்தில் முடிவு செய்தாள். முடிவு செய்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். ஒன்றின் உள்ளே ஏதோ அசைந்தது.

அமாவாசை அன்று காலையிலேயே வெயில் தீயாக இறங்கியது. வெடுக்கி ஓயாமல் தண்ணீருக்கும் மேட்டுக்கும் பறந்தாள். உச்சி நெருங்கும்போது கடைசியாக ஒருமுறை வயிறு நனைய நனைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இனி எழுவதில்லை.

மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம் இருந்தது. அதன் இலை இடுக்கு வழியாக மணலில் வெயில் எப்போதும் காசு காசாக விழும். வெடுக்கி தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு காசிலும் ஓரத்தில் ஒரு கடி இருந்தது.

ஒன்றிரண்டில் அல்ல. மணல் முழுக்க, நூற்றுக்கணக்கில், எல்லாவற்றிலும் ஒரே பக்கம் அதே கடி. அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று காகம் சொல்லியிருந்தது. பார்க்கவே தேவை இருக்கவில்லை. வானத்தில் நடப்பதைப் புங்கமரம் கீழே விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

பதுங்கன் வந்தான். கல் வரிசைக்கு வெளியே, கால் நீட்டினால் எட்டும் தூரத்தில், சாவகாசமாக உட்கார்ந்தான். தூரத்தில் பெரியகொம்பர் மருதமரத்தைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன மதினி, இன்னிக்கு குளிக்கப் போகலையா?"

வெடுக்கி அலகைத் திறந்து மூச்சு வாங்கினாள். வயிற்று ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. கல் சுட்டது.

"முட்டை அவியுது பாரு. வாசனை வருது. போயி நனைச்சிட்டு வா, நான் பாத்துக்கிறேன்."

பதுங்கன் ஒரு முன்னங்காலைத் தூக்கிக் கல் வரிசைக்கு மேலாக நீட்டினான். தரையில் வைக்கவில்லை. அந்தரத்தில் வைத்துக்கொண்டான். வேறு நாளாக இருந்தால் வெடுக்கி எப்போதோ மேலே எழும்பி அவன் கண்ணைக் கொத்தப் பாய்ந்திருப்பாள். அதற்குத்தான் அவன் காத்திருந்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. கால் விரல்களை மணலில் அழுத்திக்கொண்டாள்.

பதுங்கன் காலை இழுத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"உன் வீட்டுக்காரரை வல்லூறு தூக்கினப்ப நீ மேலே பறந்து கத்திக்கிட்டு இருந்தியாமே. கத்தாம கீழே அவர் பக்கத்துல இருந்திருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து விரட்டியிருக்கலாமோ என்னமோ."

வெடுக்கியின் தொண்டைக்குள் ஒரு கூவல் எழுந்தது. இதுவரை அவள் கூவிய எல்லாவற்றையும்விடப் பெரிய கூவல். சிறகு இரண்டும் தானாக விரிந்தன. கால் நிமிர்ந்தது. அந்த நிமிடம் அவள் கண்ணுக்கு முட்டை தெரியவில்லை, நரியின் கண் மட்டும்தான் தெரிந்தது.

அடியில் ஏதோ மெல்லத் தட்டியது. ஒரு முட்டைக்கு உள்ளிருந்து, ஒரு சின்ன அலகு.

வெடுக்கி கூவலை அப்படியே விழுங்கினாள். அது மார்பு வழியாக நெருப்புத் துண்டுபோல் இறங்கியது. சிறகை மடக்கினாள். உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, திட்ட வேண்டியதைத் திட்டாமல் இருந்தாள்.

அப்படி உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கல் சுடவில்லை.

பாதத்தை நகர்த்திப் பார்த்தாள். பக்கத்துக் கல்லும் சுடவில்லை. காற்றில் ஒரு குளிர்ச்சி வந்திருந்தது. புங்கமரத்தடியில் காசுகள் எல்லாம் பிறைகளாகிவிட்டிருந்தன. வெயில் இருந்தது. ஆனால் அந்த வெயிலில் வீரியம் இல்லை. வெளிச்சம் ஈயம்போல் மங்கியிருந்தது.

வெடுக்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொழுந்தனாரே, ஒண்ணு கேக்கட்டுமா? நான் எதுக்கு மத்தியானத்துல தண்ணிக்குப் போறேன்னு உனக்குத் தெரியுமா?"

"எதுக்கோ போறே. போறேல்ல, அது போதும் எனக்கு."

"வெயிலுக்குப் போறேன். வெயில் சூட்டுல முட்டை வேகாம இருக்க, வயித்தை நனைச்சிட்டு வரப் போறேன். நீ என்னடான்னா அந்த வெயிலையே அணைச்சிக் குடுக்கிறே. இனிமே நான் எதுக்குப் போகணும்?"

பதுங்கன் மணலில் மெலியும் பிறைகளைப் பார்த்தான். குப்பைமேட்டில் நாள் கணக்காகக் காத்துக் கிடந்து கேட்டவன் அவன். சூரியன் மறையும் நேரம் கேட்டான், வௌவால் எழுவதைக் கணக்குப் போட்டான். இதை மட்டும் கேட்கவில்லை.

அவன் பதில் சொல்வதற்குள் மேற்கே மலை இருண்டது.

மேகமும் இல்லை, மழையும் இல்லை. ஆனாலும் மலை இருண்டது. அந்த இருட்டு மலையை விட்டு இறங்கி, சத்தமே இல்லாமல், எந்தக் குதிரையும் ஓட முடியாத வேகத்தில் காட்டின்மேல் ஓடி வந்தது. மணலில் மெல்லிய நிழல் வரிகள் பாம்புக் கூட்டம்போல் நெளிந்தன. புங்கமரத்தடிப் பிறைகள் நகக்கீறல் அளவு மெலிந்து, மெலிந்து, அணைந்தன.

சூரியன் போய்விட்டது.

காடு மூச்சை நிறுத்தியது. கத்திக்கொண்டிருந்த சில்வண்டு நிறுத்தியது. ஓடிக்கொண்டிருந்த மான் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது. குளத்து அல்லி மூடிக்கொண்டதா திறந்ததா என்று பார்க்க யாருக்கும் கண் இல்லை. மருதமரத்தில் ஒரு சலசலப்பு. பிறகு கறுப்புத் துணியை உதறியதுபோல் வௌவால்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன.

"வௌவால் எழுந்தாச்சு" என்றார் பெரியகொம்பர். அவர் குரல் அவருடையதுபோல் இல்லை. "இரவு முறை." குளம்பால் தட்ட வேண்டும். தட்ட மறந்துவிட்டார். தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

வெடுக்கியும் பார்த்தாள்.

சூரியன் இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. அவள் பார்த்த எந்தக் கறுப்பையும்விடக் கறுப்பு. அதைச் சுற்றி வெள்ளைச் சிறகுகள் விரிந்திருந்தன. தீ அல்ல, புகை அல்ல. அப்படி ஒரு வெண்மையை அவள் கொக்கிடமும் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் பயமில்லாமல் வந்து நின்றது. நாலு பக்கமும் வான விளிம்பில், சூரியன் எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் மறைவதுபோல், செந்நிற ஒளி வளைத்துக் கட்டியிருந்தது. குளத்துக்குள்ளும் அதே கறுப்பு வட்டம், அதே வெள்ளைச் சிறகு. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை.

இது தனக்காக வந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. நரிக்காகவும் வந்ததில்லை. ஆவரம்பட்டிக்காரர்கள் கண்ணாடியோடு காத்திருக்கிறார்களே, அவர்களுக்காகவும் இல்லை. யாரிடமும் எதையும் கேட்காமல், யாருக்கும் எதையும் தராமல், அது பாட்டுக்கு அதன் வழியில் வந்துகொண்டிருந்தது. இதிலே எந்தப் பேரம்? எந்த மூலை, எந்தத் துறை?

காலில் குளிர்காற்று பட்டபோதுதான் அவள் கீழே பார்த்தாள். அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முட்டையைத் தாண்டி இரண்டடி நடந்தும் வந்திருந்தாள். நாலு முட்டையும் அந்த விசித்திர வெளிச்சத்தில் பளிச்சென்று திறந்து கிடந்தன. இரவு முறை. அடையில்லாத முட்டை. பக்கத்தில் நரி.

அவளுக்கு உயிர் போய்த் திரும்பியது. பதுங்கனைப் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. முட்டையையும் பார்க்கவில்லை. பின்னங்கால் மடிந்து, காது இரண்டும் படிந்து, வாய் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் இரண்டிலும் அந்தக் கறுப்பு வட்டமும் வெள்ளைச் சிறகும் தெரிந்தன. ஆவரம்பட்டி டீக்கடையில் எல்லாம் சொன்னார்கள். நாள் சொன்னார்கள், நேரம் சொன்னார்கள். ஆனால் இது இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடியதும் இல்லை.

வெடுக்கி ஓசைப்படாமல் இரண்டடி பின்னால் நடந்து, முட்டைகளின்மேல் உட்கார்ந்தாள்.

கறுப்பு வட்டத்தின் ஓரத்தில் ஒரு துளி வெளிச்சம் பிதுங்கியது. மோதிரத்தில் ஒற்றைக் கல் பதித்ததுபோல் ஒரு கணம் நின்று, உடைந்து, பெருகியது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்தபோது மலைக்கு மலை வெளிச்சம். எங்கோ ஒரு காட்டுச்சேவல் பொழுது விடிந்ததென்று நம்பிக் கூவியது. குழம்பிப்போன வௌவால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு திரும்பி வந்து, மருதமரத்தில் தொங்கின.

"பகல் முறை" என்றார் பெரியகொம்பர். இப்போது தட்டினார்.

பதுங்கன் தலையைக் கீழே இறக்க வெகு நேரம் ஆயிற்று. மேட்டைப் பார்த்தான். மணலில் ஆள்காட்டியின் காலடித் தடம் இரண்டடி வெளியே போய், இரண்டடி திரும்பி வந்திருந்தது. அவன் அதைக் கவனமாகப் பார்த்தான்.

"மதினி, நீ எழுந்திருக்கே."

வெடுக்கி பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ அன்று வரவில்லை.

"ஆமா. எழுந்துட்டேன். திறந்துதான் கிடந்துச்சு. நீ பாத்தியா?"

பதுங்கன் மறுபடி அந்தத் தடத்தைப் பார்த்தான்.

"இல்ல" என்றான். "நான் மேலே பார்த்துட்டேன்."

"நானும் அதைத்தான் பார்த்தேன்."

இருவரும் சும்மா இருந்தார்கள். இத்தனை கோடையில் அவர்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா இருந்தது அதுதான் முதல் தடவை.

"அந்த முட்டைப் பேச்சு இனி வேண்டாம்" என்றான் பதுங்கன். "பெரியய்யா, தட்டிடுங்க. கிழக்குத் துறை அவங்ககிட்டயே இருக்கட்டும்."

வெடுக்கி கனைத்துக்கொண்டாள். "நண்டுக்கரையை நீ எடுத்துக்கோ. உன் பிள்ளைங்களுக்கு. பதிலுக்கு ஒண்ணும் வேண்டாம்."

அப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வந்ததில் அவளுக்கே எரிச்சல். அதனால் உடனே, "அப்புறம், என் வீட்டுக்காரரைப் பத்தி இன்னொரு தடவை வாயைத் திறந்தே, அந்த நாக்கை இழுத்துவச்சிக் கொத்துவேன். இப்ப எட்டிப் போ. வெயில் ஏறுது, எனக்குத் தண்ணிக்குப் போகணும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

பதுங்கன் எழுந்து, மரத்துப்போன காலைக் கொஞ்சம் தாங்கலாக வைத்து, நிழலைப் பார்த்து நடந்தான். வெடுக்கி முட்டைகளை அப்படியே விட்டுவிட்டுக் கிழக்குத் துறைக்குப் பறந்து, தெளிந்த தண்ணீரில் வயிறு நனைய நின்றாள். திரும்பி வந்தபோது ஒரு முட்டையில் விரிசல் விட்டிருந்தது.

அடுத்தவர் தலையில் விழப்போகும் இருட்டுக்காகக் காத்திருப்பவர், அந்த இருட்டு தம் கண்ணிலும் விழும் என்பதை மறக்கக் கூடாது.